பாசி வளர்ப்புத் தெப்பம் வாங்கப் போகிறீர்களா? முதலில் அடிவலையைப் பாருங்கள்

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் கரைகளில் ‘பெப்சி பாசி’ என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். புத்தகப் பெயர் கப்பாஃபைகஸ் ஆல்வரேசி. சொந்தக் கடல் பிலிப்பைன்ஸ். 1984-ல் மத்திய உப்பு மற்றும் கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் ஜப்பான் வழியாக இதை வரவழைத்து, முதலில் குஜராத் கடலோரத்தில் வளர்த்துப் பார்த்தது. 90-களின் நடுவில் மண்டபத்துக்கு வந்தது. 2000-க்குப் பிறகு பெப்சிகோ நிறுவனம் ஒப்பந்த முறையில் வளர்க்கக் கொடுத்தபோது இந்த ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. ஐஸ்கிரீம், பற்பசை போன்றவற்றைக் கெட்டிப்படுத்தும் கேரஜீனன் என்ற கூழ்ப்பொருள் இதிலிருந்து கிடைக்கிறது.

இந்தப் பாசியை வளர்க்க மூன்று வகை அமைப்புகள் விற்பனையில் இருக்கின்றன: மூங்கில் தெப்பம், ஒற்றைக் கயிறு, குழாய் வலை. இவற்றை ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாக ஒரு சுற்றுக்கு எத்தனை கிலோ தேறும் என்றுதான் கேட்பார்கள். இந்த விமர்சனத்தில் அந்தக் கேள்விக்கு இரண்டாம் இடம். எத்தனை துண்டு கடலுக்குள் தப்பிப் போகிறது என்பதே முதல் கேள்வி.

அதற்குக் காரணம் மன்னார் வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவு. அங்கே மான்கொம்புப் பவளங்களின் மேல் இந்தப் பாசி ஏறிப் படர்ந்திருப்பதை 2008-ல் கரன்ட் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு பதிவு செய்தது. பிறகு பக்கத்துத் தீவுகளான சிங்கில், பூமரிச்சான் பக்கமும் காணப்பட்டது. பவளக் கிளைகளின் இடுக்கைப் பற்றிக்கொண்டு, பாய் விரித்தாற்போல் மேலே மூடிவிடும். பவளத்துக்கு உணவு தயாரித்துக் கொடுப்பது அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான். வெளிச்சம் அடைபட்டால் அதற்கு வேலை நின்றுபோகும், பவளம் பட்டினியில் சாகும். பரவல் சிறு பகுதிக்குள்தான் இருக்கிறது, கட்டுப்படுத்தக்கூடியதுதான் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. அவர்கள் சொல்வதே சரியென்றாலும், அந்தச் சிறு பகுதி பெரிதாகாமல் இருப்பது நாம் கடலில் இறக்கும் பொருளைப் பொறுத்தது.

நம் கடலில் இது வித்து தூவிப் பரவுவதாகத் தெரியவில்லை. ஒடிந்த துண்டுதான் பரவுகிறது. விரல் நீளத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். காது மடல் குருத்தெலும்பு போல விறைப்பாக, வழவழவென்று இருக்கும். சற்று அழுத்தி வளைத்தால் ‘டப்’ என்று முறியும். முறிந்த இரண்டும் தனித்தனியே வளரும். தண்ணீரில் போட்டால் மெல்லத் தாழ்ந்து, மணலில் உருண்டு, கல்லோ பவளமோ தட்டுப்படும் இடத்தில் தங்கும். வளர்க்கிறவருக்கு இந்தக் குணம் வரம், ஏனென்றால் விதை (கட்டி வளர்க்கும் துண்டுக்கே இந்தப் பெயர்) வாங்கும் செலவு ஒரு முறையோடு முடிந்துவிடுகிறது. பவளத்துக்கு அதே குணம் எமன்.

மூங்கில் தெப்பம்

வடகடலில், அதாவது பாக் விரிகுடாப் பக்கம், அதிகம் ஓடுவது இதுதான். தொகுப்பில் வர வேண்டியவை: 12 அடி நீள மூங்கில் நான்கு, மூலைகளில் குறுக்காகக் கட்ட 4 அடித் துண்டு நான்கு, 3 மி.மீ. முறுக்கு பாலிப்ரோப்பிலீன் கயிறு 20, விதை கட்டும் மெல்லிய பின்னல் கயிறு, அடிவலை, நங்கூரம், நங்கூரக் கயிறு. நான்கு மூங்கிலையும் சதுரமாகக் கட்டினால் முனைக்கட்டு போக உள்ளே ஏறக்குறைய 10 அடிக்கு 10 அடி நிற்கும். அதில் அரை அடி இடைவெளிக்கு ஒரு கயிறாக 20 கயிறு. கயிறு ஒன்றுக்கு 20 விதை, விதை ஒன்று 150 கிராம். ஆக 400 விதை, 60 கிலோ.

மூங்கில் 3 முதல் 4 அங்குலக் குறுக்களவு இருக்க வேண்டும். உள்ளே கூடாக உள்ள மூங்கிலே நல்லது, கணுவுக்குக் கணு அடைபட்ட காற்றுதான் தெப்பத்தை மிதக்க வைக்கிறது. உள்ளே கட்டியாக இருக்கும் கல் மூங்கிலைத் தலையில் கட்டப் பார்த்தால் வாங்காதீர்கள். அது உறுதியானதுதான், ஆனால் விதையும் வலையும் ஏறியதும் அமிழ்ந்து போகும். வெடிப்போ பூச்சித் துளையோ இருந்தால் அந்தக் கணுவுக்குள் தண்ணீர் ஏறி, தெப்பம் ஒரு பக்கமாகச் சாயும். சாய்ந்த பக்கத்துக் கயிறுகள் ஆழத்துக்குப் போய் வெளிச்சம் குறையும், எதிர்ப்பக்கத்துப் பாசி வெயிலில் தலைகாட்டி வெளுக்கும். வாங்கும்போது மூங்கிலைக் கரையிலேயே ஒரு நாள் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. மறுநாள் சமமாக மிதக்காத மூங்கிலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நல்ல கடலில் 45 நாளில் தெப்பத்துக்குச் சராசரியாக 260 கிலோ ஈரப்பாசி எடுக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இதில் 60 கிலோ மறு விதைக்குப் போகும். மீதி 200 கிலோ. பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் காய்ந்தால் 20 கிலோ கிடைக்கும். ஒருவருக்கு 45 தெப்பம் என்று திட்டமிடுவதன் பின்னணி இதுதான், தினம் ஒரு தெப்பம் அறுவடை, தினம் ஒரு தெப்பம் மறுகட்டு. தண்ணீர் 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில், நன்றாக உப்பேறி, மெல்லிய நீரோட்டத்தோடு இருந்தால்தான் இந்த எடை வரும். ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிப் போட்டால் மழைக்காலத்தில் உப்பு குறைந்து எல்லாம் கொட்டிப் போகும்.

இனி அடிவலை. தெப்பத்தின் தலையெழுத்து இதில்தான் இருக்கிறது.

அடிவலைக்கு இரண்டு வேலை. ஓரா மீன் கீழிருந்து வந்து இளம் நுனிகளைக் கடித்துத் தின்னாமல் தடுப்பது ஒன்று. ஒடிந்து விழும் துண்டைத் தாங்கிப் பிடிப்பது இன்னொன்று. முதல் வேலையை மட்டும் மனதில் வைத்து வலை கொடுக்கிறவர்களே அதிகம். மீன் நுழையாத கண் போதும் என்று, கழித்துப் போட்ட பழைய வலையைத் தைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கண்ணில் இரண்டு விரல் தாராளமாக நுழையும், பாசித் துண்டும் அப்படியே நுழையும். சரியான வலைக்கு ஒரு சோதனை உண்டு: சுண்டு விரலை வலைக் கண்ணில் வைத்து அழுத்துங்கள். முதல் மூட்டுக்கு மேல் போகக் கூடாது. அதைவிடச் சின்னக் கண்ணும் வேண்டாம். சேறும் நுண்பாசியும் பிடித்து அடைத்துக்கொள்ளும், நீரோட்டம் நின்று பாசி அழுகும், கனம் ஏறித் தெப்பமும் தாழும்.

வலையின் அளவிலும் கஞ்சத்தனம் நடக்கிறது. தெப்பம் 10 அடிக்கு 10 அடி என்பதால் வலையையும் அதே அளவில் வெட்டிக் கொடுத்தால், கட்டும்போது அது தட்டையாக இழுபட்டு நிற்கும். அலை தூக்கும்போது விழுந்த துண்டு ஓரம் வழியாக வழிந்து போய்விடும். குறைந்தது 4 மீட்டருக்கு 4 மீட்டர் வேண்டும். அப்போதுதான் வலை தொட்டில் போலத் தொய்ந்து, நான்கு ஓரமும் மூங்கிலுக்கு மேல் ஏறிக் கட்டுப்படும். ஓரத்தை முழ இடைவெளியில் கட்டினால் நடுவில் வாய் திறந்துகொள்ளும். ஒரு சாணுக்கு ஒரு கட்டு போடுங்கள்.

சிறு ஒழுகல் எவ்வளவு பெரிதாகும் என்று ஒரு மனக்கணக்கு. 260 கிலோவில் நூற்றுக்கு ஒரு பங்கு மட்டும் ஒடிந்து போவதாக வைத்துக்கொள்வோம், தெப்பத்துக்கு 2.6 கிலோ. 45 தெப்பத்துக்கு 117 கிலோ. அது ஒருவருடைய ஒரு சுற்று மட்டுமே. வளர்ச்சி வேகத்தையும் பாருங்கள்: 60 கிலோ 45 நாளில் 260 ஆகிறதென்றால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகிறது. தப்பிப் போன துண்டுக்குப் பிடிமானமும் வெளிச்சமும் கிடைத்தால் அதுவும் இதே கணக்கில் பெருகும்.

ஒடிவது எப்போது அதிகம்? மூன்று சமயங்களில். கட்டு இறுக்கமாகப் போட்டிருந்தால் தண்டு தடிக்கும்போது கயிறு கத்திபோல் வெட்டும். தளர்வாகப் போட்டால் முதல் அலையிலேயே முழுச்செடியும் நழுவும். இரண்டு மூன்று கிளை பிரியும் கவட்டையில், ஒரு ஈர்க்குச்சி நுழையும் அளவு இடம் விட்டுக் கட்டுவதே சரி. அடுத்து, 45 நாளைத் தாண்டி விட்டுவைத்தால் செடி ஒரு கிலோவை நெருங்கும், தன் கனத்திலேயே கட்டிய இடத்தில் முறியும். வியாபாரி வரவில்லை என்று பத்து நாள் தள்ளிப் போடுவதால் நட்டம் இரு பக்கமும்தான்.

மூன்றாவது, ஐஸ்-ஐஸ் நோய். வெப்பம் ஏறினாலோ உப்பு குறைந்தாலோ தண்டின் நடுவே ஒரு வளையம் கண்ணாடிபோல் வெளுக்கும். இரண்டு மூன்று நாளில் அந்த இடம் கூழாகி அறும். வெளுத்த பகுதி செத்ததுதான். ஆனால் அதற்கு அந்தப் பக்கம் தொங்கும் பழுப்புப் பச்சைத் துண்டு முழு உயிரோடு அறுந்து விழுகிறது. நோய் வந்துவிட்டது, இனி இது எதற்கு என்று தெப்பத்தை அப்படியே கடலில் விட்டுவிடுவதைப் போன்ற கெடுதல் வேறில்லை. வெள்ளை வளையம் கண்ட அன்றைக்கே முழுவதையும் கரையேற்றிக் காயப் போட்டுவிடுங்கள். எடை குறைந்தாலும் காசு தேறும்.

நங்கூரம்

10 தெப்பத்தைச் சேர்த்துக் கட்டிய ஒரு கொத்துக்கு 15 கிலோ நங்கூரம் தாங்கும் என்பது மண்டபம் பக்கத்து நடைமுறை. சில தொகுப்புகளில் இதற்குப் பதில் மணல் மூட்டை வருகிறது. மூட்டை வெயிலில் இற்று, மணல் கரைந்து, தெப்பம் அடித்துப் போகும். நங்கூரக் கயிறு மூங்கிலில் உரசும் இடத்தில் பழைய ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகினால் தேய்மானம் பெரிதும் குறையும். பத்து ரூபாய்ச் சாமான், அதை எந்தத் தொகுப்பிலும் வைப்பதில்லை.

வாடைக் காற்றுக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும். அதே பருவத்தில்தான் நீரோட்டம் பாம்பன் கால்வாய் வழியாக வடகடலிலிருந்து தென்கடலுக்கு, அதாவது மன்னார் வளைகுடாவுக்கு, பாய்கிறது. கால்வாயைத் தாண்டியதும் முதலில் வரும் தீவுகளில் ஒன்று குருசடை. அந்த மாதங்களில் அறுந்து போகும் தெப்பம் எங்கே போய்ச் சேரும் என்பதற்கு வரைபடம் தேவையில்லை. அக்டோபர் பிறப்பதற்குள் கடைசி அறுவடையை முடித்து, தெப்பங்களைக் கரையேற்றிவிடுங்கள். மறு பருவத்துக்கான விதையைக் காப்பாற்ற வேண்டுமே என்று நாலைந்து தெப்பத்தை மட்டும் விட்டுவைப்பவர்கள், அவற்றுக்காவது இரண்டு நங்கூரமும் இரட்டை அடிவலையும் போட வேண்டும்.

ஒற்றைக் கயிறு

ஆழமில்லாத இடத்தில் சவுக்குக் கம்பு ஊன்றி, இடையே நீளக் கயிறு இழுத்துக் கட்டி, அதில் விதை கட்டும் முறை. செலவு குறைவு, வேலை சுலபம், அலையில் மூங்கில் முறியும் தொல்லை இல்லை. ஆனால் அடியில் வலை கட்ட வழியே இல்லை. ஒடிந்தது ஒடிந்ததுதான், போனது போனதுதான். சுற்று வட்டாரத்தில் பவளமோ பாறைப்பாரோ இருக்கும் கடலுக்கு இதை நாங்கள் பரிந்துரைக்கவே மாட்டோம். மணல் தரை மட்டுமே உள்ள, பவளத்துக்கு வெகு தொலைவான கடலில் மட்டும் யோசிக்கலாம். அங்கும் ஓரா மீன் கூட்டம் வந்தால் ஒரே வாரத்தில் கயிறு மொட்டையாகிவிடும்.

குழாய் வலை

நீளமான குழல் வடிவ வலைக்குள் விதையை அடைத்துக் கடலில் கிடத்துவது. பிளாஸ்டிக் குழாய் ஒன்றின் மேல் வலையைச் சட்டைக் கை போலச் சுருட்டி ஏற்றி, முனையைக் கட்டி, குழாய் வழியாக விதையைத் தள்ளத் தள்ள வலை இறங்கி நிரம்பும். ஒவ்வொரு விதையாகக் கட்டும் வேலை மிச்சம், 400 முடிச்சு போட்ட விரல்களுக்கு அதன் அருமை தெரியும். செடி வலைக்குள் இருப்பதால் முழுச்செடி நழுவுவது அரிது. கச்சான் காற்றடிக்கும் முரட்டுக் கரைகளில் தெப்பத்தைவிட இது தாக்குப்பிடிக்கிறது.

குறை மூன்று. வளரும் நுனிகள் வலைக் கண் வழியாக வெளியே தலை நீட்டும். அலை அதிகமானால் ஒடிவது அந்த நுனிகளே. விதையை இறுக்கி அடைத்தால் நடுவில் உள்ளது வெளிச்சமில்லாமல் அழுகும், தளர அடைத்தால் ஒரு பக்கமாகக் குவியும். அறுவடையின்போது வலையிலிருந்து உருவி எடுக்கையில் துண்டுகள் சிதறும். அதனால் படகில் தார்ப்பாய் விரித்து, அதன் மேல் வைத்தே உருவ வேண்டும். தண்ணீரில் வைத்து உருவுவதாக இருந்தால் இந்த அமைப்பின் நன்மை முழுவதும் அந்த ஒரு மணி நேரத்தில் போய்விடும்.

விலையும் மானியமும்

2020-ல் தொடங்கிய பிரதமர் மத்ஸ்ய சம்படா திட்டத்தில் தெப்பம் ஒன்றுக்கு, விதை உள்ளிட்ட இடுபொருளோடு, ரூ.1,500 என்று அலகுச் செலவு வைத்திருக்கிறார்கள். ஒற்றைக் கயிறு அல்லது குழாய் வலைக்கு, 25 மீட்டர் கயிறு ஏறக்குறைய 15 கொண்ட அலகுக்கு ரூ.8,000. பொதுப் பிரிவுக்கு 40 விழுக்காடு மானியம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60. ஆக ஒரு பெண் தெப்பம் ஒன்றுக்குக் கையிலிருந்து போடுவது ரூ.600. வளர்க்க முன்வருகிறவர்களில் பலர் கடனும் குழுவுமாகச் சமாளிக்கிற பெண்கள், இது அவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் 1,500-க்குள் எல்லாவற்றையும் அடக்கச் சொன்னால் சப்ளை செய்பவர் முதலில் கை வைப்பது அடிவலையில்தான். மூங்கில் மெலிந்தால் கண்ணுக்குத் தெரியும், வலை மெலிந்தால் தண்ணீருக்குள் போய்விடும். வலைக்குத் தனி அளவும் தனித் தொகையும் குறித்தால் ஒழிய இது சரியாகாது.

இன்னொன்று, இடம். தமிழ்நாடு அரசு 2005 டிசம்பர் ஆணைப்படி இந்த அயல் பாசியை பாக் விரிகுடாவிலிருந்து வடக்கேயும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும்தான் வளர்க்கலாம். நடுவில் உள்ள மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவையும் அதன் 21 தீவுகளையும் காப்பதற்காக வந்த ஏற்பாடு அது. எந்த இடத்திலும் போடலாம் என்று சொல்லி விற்பவரிடம் தெப்பம் வாங்க வேண்டாம்.

கரையில் நடக்கும் ஒழுகல்

எந்தத் தொகுப்பை வாங்கினாலும், கையேட்டில் எழுதாத ஒரு வேலை கரையில் இருக்கிறது. அறுவடையான கயிறுகளை அலையோரத்தில் போட்டுக் கழித்துச் சுத்தம் செய்வதும், கழிவுத் துண்டுகளை அப்படியே தண்ணீரில் தள்ளுவதும் வழக்கமாகிவிட்டது. வலையில் கண் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய பாசியைக் கூடை கூடையாகக் கடலுக்கே கொடுப்பதுதான் இது. கயிறுகளைப் பெருக்கு நீர் எட்டாத மேட்டுக்குக் கொண்டுபோய், தார்ப்பாயில் வைத்துக் கழிக்கவும். கழிவையும் சேர்த்தே காய வைக்கலாம், காய்ந்து முறுகியது மறுபடி உயிர்க்காது. கயிறையும் அடிவலையையும் இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்ட பிறகே அடுத்த கடலுக்குக் கொண்டுபோங்கள். விதை ஏற்றி வந்த ஈரச் சாக்கைப் புதுக் கரையில் அலசுவதும் கூடாது, சாக்கின் தையலில் சிக்கிய துணுக்கே போதும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்கள் ஹவாயைப் பார்க்கலாம். அங்கே ஓவாஹு தீவின் கனேயோஹே விரிகுடாவில் 1974-ல் ஆராய்ச்சிக்காக இதை இறக்கினார்கள். 1996-க்குள் வைத்த இடத்திலிருந்து 6 கி.மீ. தள்ளிப் பரவியிருந்தது. பிறகு மிதவைப் படகில் பெரிய உறிஞ்சு பம்பு பொருத்தி, நீர்மூழ்கி வீரர்கள் பாசியைப் பிய்த்துக் குழாயில் கொடுக்கக் கொடுக்க மேலே இழுத்து எடுத்தார்கள். ‘சூப்பர் சக்கர்’ என்று அதற்குப் பெயர். அதோடு விடவில்லை. பவள இடுக்கில் ஒட்டிய அடிப்பகுதியிலிருந்து மறுபடி துளிர்க்கும் என்பதால், கடல் முள்ளெலிகளைப் பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்த்து அங்கே விட்டு மேய வைத்தார்கள்.

குருசடையில் வனத்துறை கையாலேயே அகற்றுகிறது. கையால் எடுக்கும்போது பற்றுப்பகுதி பவளத்தில் தங்கிவிட்டால் சில வாரங்களில் பழையபடி தழைக்கும். பிய்க்கும்போது சிதறுவதும் தனித்தனிச் செடியாகும். வாய் சுருக்கும் வலைப்பையைப் பாசிக்குக் கீழே ஏந்தி, அடியைச் சுரண்டி எடுத்து, அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த ஒரு பை பாசிக்கு ஆகும் கூலியில் நல்ல அடிவலை எத்தனையோ வாங்கலாம்.

ஆக எங்கள் மதிப்பெண்: முழு அடிவலையும் நல்ல நங்கூரமும் உள்ள மூங்கில் தெப்பத்துக்கு 10-க்கு 8. அதே தெப்பம் பழைய வலையோடு வந்தால் 3. குழாய் வலைக்கு 7, தார்ப்பாயில் அறுவடை செய்பவர் கையில். ஒற்றைக் கயிறுக்கு, பவளம் உள்ள கடலில், மதிப்பெண்ணே கிடையாது. அயல் பாசியே வேண்டாம் என்று நினைப்பவர்கள் இதே தெப்பத்தில் நம் கடலுக்குச் சொந்தமான கஞ்சிப் பாசியைக் கட்டலாம். எடை குறைவாகத்தான் வரும், விலையும் வேறு. ஆனால் ஒடிந்து போனால் அது போவது தன் வீட்டுக்கு.

பணம் கட்டுவதற்கு முன் விற்பவரிடம் வலையைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். அளவு நாடாவால் நான்கு பக்கமும் அளந்து, சுண்டு விரலை நாலைந்து கண்ணில் வைத்துப் பார்த்து, கிழிசல் தைத்த இடங்களை எண்ணுங்கள். 4 மீட்டருக்கு ஒரு சாண் குறைந்தாலும் வேறு வலை கேட்டு வாங்குங்கள். விலைச்சீட்டில் ‘வலை’ என்று மட்டும் எழுதாமல் அளவையும் கண் அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.